குதிரைக்கு ஏது கை?

கேள்வி: ஒரு குதிரையைப் பற்றிய ஸ்பானிய மருத்துவ அறிக்கையை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தேன். ‘கிளாவுதிகாசியோன்’ என்பதை ‘கிளாடிகேஷன்’ என்றும், ‘தோலோர்’, ‘மொலெஸ்தியா’ இரண்டையும் ‘பெயின்’ என்றும் எழுதினேன். ‘3/5’ என்று இருந்ததை ‘கிரேடு 3’ ஆக்கினேன். மருத்துவர் மூன்றையும் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அகராதியைப் பார்த்துத்தானே எழுதினேன்?

பதில்: அகராதி மேல் தப்பில்லை. ‘கிளாவுதிகாசியோன்’, ‘கிளாடிகேஷன்’ இரண்டுமே நொண்டுவதைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள்தான். ஆனால் ஆங்கில மருத்துவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது வேறு: காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து, நடக்க நடக்க வலி எடுத்து நின்றுவிடும் மனிதர். குதிரை நொண்டினால் ‘லேம்னஸ்’ என்று எழுதினால் போதும். ஸ்பானியர்கள் பேச்சில் நொண்டலைச் சொல்லும் ‘கோஹேரா’வுக்கும் அதே சொல்தான்.

‘மொலெஸ்தியா’ வலி அளவுக்குப் போகாத சங்கடம். ‘டிஸ்கம்ஃபர்ட்’ என்று விடுங்கள். அதை ‘பெயின்’ என்று ஏற்றிவிட்டால், குதிரையை வாங்க வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்.

நான் மாட்டிக்கொண்டது ‘மானோ’வில். அகராதியில் அதற்குப் பொருள் கை. குதிரைக்காரர்களுக்கோ முன்னங்கால். ‘வலது மானோவில் நொண்டுகிறது’ என்று வந்ததை அப்படியே ‘ரைட் ஹேண்ட்’ என்று எழுதிக் கொடுத்தேன். “நொண்டுவது குதிரையா, குதிரைக்காரரா?” என்று கேட்டார் மருத்துவர். ‘ரைட் ஃபோர்’ என்று திருத்தினேன். அதே அறிக்கையில் இரண்டு வரி தள்ளி ‘ஆ மானோ தெரேச்சா’ என்று வந்தது. சரி, இதுவும் கால்தான் என்று எழுதிவிட்டேன். இல்லை! வட்டமாக ஓட்டும்போது வலப்பக்கமாகச் சுற்றுவது அது, ஆங்கிலத்தில் ‘ஆன் த ரைட் ரெய்ன்’. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ என்பது குதிரையின் உயரத்தை அளக்கும் நான்கு அங்குல அளவு.

‘கோஹேரா என் ஃப்ரீயோ’ என்று வந்தாலும் பார்த்து எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குளிர்ந்த நொண்டல்’ என்றாகும். ஓட ஆரம்பிக்கும்போது நொண்டி, உடம்பு சூடானதும் சரியாகிவிடும் என்பதுதான் செய்தி. ‘இம்ப்ரூவ்ஸ் வித் எக்சர்சைஸ்’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். ‘என் காலியென்தே’ இதற்கு நேர் எதிர், ஓட ஓடத் தலைகாட்டும் நொண்டல்.

அப்புறம் அந்த எண். அமெரிக்க குதிரை மருத்துவர்கள் 0 முதல் 5 வரையான அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். 3 என்றால் குதிரை துள்ளோட்டத்தில் எப்போது பார்த்தாலும் நொண்டல் தெரியும். பிரிட்டனில் பலர் 0 முதல் 10 வரை எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே 3 லேசான நொண்டல்தான். வெறும் ‘கிரேடு 3’ என்றால் படிக்கும் மருத்துவர் எந்த அளவுகோலை எடுத்துக்கொள்வார்? ‘3/5’ என்று இருந்தால் ‘3/5’ என்றே எழுதுங்கள். கீழே இருக்கும் அந்த 5-ஐ நாம் தூக்கிவிடக் கூடாது.