ஸ்வீடனா, யூனிவர்சிற்றியா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. ஐஸ் ஹொக்கி ஆடுகிறான், ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் நான்கு சீசன் ஆடி முடித்துவிட்டான். வட அமெரிக்காவின் முதல்நிலை லீக்கான என்.எச்.எல்., இளம் ஆட்டக்காரரை எடுக்கும் தேர்வில் எந்த அணியும் அவனை எடுக்கவில்லை. இப்போது ஒரு ஏஜென்ட், ஸ்வீடனில் மூன்றாம் அடுக்கு அணி ஒன்றில் ஒரு வருட ஒப்பந்தம் கொண்டுவந்திருக்கிறார். சம்பளம் கொஞ்சம்தான், தங்க இடம் தருவார்களாம். கிழக்குக் கரைப் பக்கத்து யூனிவர்சிற்றி கோச் ஒருவரும் கூப்பிடுகிறார். மகன் “நான் புரோவாக (தொழில்முறை ஆட்டக்காரனாக)ப் போறேன்” என்கிறான். அப்பா “விளையாடினது காணும், படி” என்கிறார். இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய், மார்க்கம்

பதில்: அன்புள்ள தங்கச்சி,

யார் பக்கமும் நிற்க வேண்டாம். சண்டை பிடிக்கிற இரண்டு பேரும் உண்மையில் ஒரே கருத்தில்தான் இருக்கிறார்கள். யூனிவர்சிற்றிக்குப் போனால் ஹொக்கி முடிந்தது என்று மகன் பயப்படுகிறார். முடிந்தால் நல்லது என்று அப்பா நினைக்கிறார். அப்படி முடிவதில்லை.

கனடிய யூனிவர்சிற்றி ஹொக்கியில் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் உங்கள் மகனைப் போல மேஜர் ஜூனியர் லீக்குகளில் (ஒன்ராறியோ லீக் போன்ற, 20 வயது வரையானவர்களின் உயர்மட்ட லீக்குகளில்) ஆடி வந்தவர்கள்தான். 2023-24 சீசனில் நியூ பிரன்ஸ்விக் யூனிவர்சிற்றி அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியக் கிண்ணத்தை வென்றது. பொழுதுபோக்குக்கு ஆடும் இடம் என்று யாராவது மகனுக்குச் சொல்லியிருந்தால், அவர் அந்த ஆட்டங்களைப் பார்த்ததில்லை. இங்கே ஆடிவிட்டு 24, 25 வயதில் பட்டத்தோடு ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள்.

இனி, காசு. ஒன்ராறியோ லீக்கில் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவு என்று ஸ்கொலர்ஷிப் ஒப்பந்தம் இருக்கும். மகன் 16 வயதில் கையெழுத்து வைத்தபோது நீங்களும் பக்கத்தில் இருந்திருப்பீர்கள். அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள். அதைப் பயன்படுத்தத் தொடங்குவதற்கு ஒரு காலக்கெடு இருக்கும். சில தொழில்முறை ஒப்பந்தங்களில் கையெழுத்து வைத்தால் அது கைவிட்டே போய்விடும். ஸ்வீடன் மூன்றாம் அடுக்கு அந்தச் ‘சில’வற்றில் வருகிறதா என்று லீக்கிடமே கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது காணாது. தொழில்முறையில் ஆடிவிட்டுத் திரும்பி வருகிறவரை யூனிவர்சிற்றி அணியில் சேர்க்குமுன் காத்திருக்க வைக்கும் விதியும் உண்டு. அதையும் அந்தக் கோச்சிடம் கேளுங்கள். 2025 ஓகஸ்ட்டிலிருந்து மேஜர் ஜூனியரில் ஆடியவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியும் திறந்திருக்கிறது. முன்பு அங்கே எட்டிப் பார்க்கவே முடியாது. அதற்கும் வயதுக் கணக்கு உண்டு, தள்ளிப் போட்டால் வருடங்கள் குறையும்.

ஸ்வீடனுக்கு அப்படி அவசரம் இல்லை. சொல்லப்போனால், 20 வயதில் ஐரோப்பாவுக்குப் போவதுதான் பெரும்பாலும் பலவீனமான நேரம். அங்கே மகன் வெளிநாட்டு ஆட்டக்காரர், ‘இம்போர்ட்’. ஜெர்மனியின் முதல் லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு 9 இம்போர்ட் ஆட்டக்காரரைத்தான் இறக்கலாம், சுவிட்சர்லாந்தில் 6. அந்த இடங்களுக்கு, என்.எச்.எல்.லுக்கு அடுத்த படியான அமெரிக்கன் ஹொக்கி லீக்கில் பல வருடம் ஆடிய 27, 28 வயதுக்காரர் வரிசையில் நிற்கிறார்கள். பெரிய பேர் இல்லாத 20 வயதுக்காரருக்கு மிஞ்சுவது கீழ் அடுக்குகள்தான். அங்கேயும் இம்போர்ட்டிடம் எதிர்பார்ப்பது கோல், அல்லது கோலுக்குக் கொடுத்த பாஸ். நவம்பரில் அணி தோற்றுக்கொண்டிருந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர் இம்போர்ட்தான். உள்ளூர்ப் பெடியனுக்கு அடுத்த வருடம் வரை பொறுப்பார்கள்.

“புரோ” என்ற சொல்லுக்குள் இருக்கிற தூரத்தையும் மகனோடு ஒருதரம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26 சீசனில் என்.எச்.எல்.லின் குறைந்தபட்சச் சம்பளம் 775,000 அமெரிக்க டொலர். ஸ்வீடனின் மூன்றாம் அடுக்கில் பகலில் வேறு வேலை செய்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஏராளம். இரண்டு பேரும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். ஒப்பந்தமும் பெரும்பாலும் சீசன் மாதங்களுக்கு மட்டும். கோடையில் ஜிம்மும் ஐஸ் வாடகையும் யார் தலையில்? உங்கள் தலையில்தான்.

தேர்வில் எடுக்கப்படாததை மகன் தோல்வியாக நினைத்துக்கொண்டிருந்தால் ஜோயல் வார்டைப் பற்றிச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் பிறந்தவர், பெற்றோர் பார்படோஸிலிருந்து வந்தவர்கள். வார்டின் சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாதியாக வேலை செய்த தாய்தான் வளர்த்தார். வார்டும் உங்கள் மகனின் அதே லீக்கில், ஓவன் சவுண்ட் அணிக்கு ஆடினார். யாரும் எடுக்கவில்லை. 2001-ல் பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட் யூனிவர்சிற்றிக்குப் போய் நான்கு வருடம் படித்துக்கொண்டே ஆடினார். என்.எச்.எல். முதல் ஆட்டம் 2006-07-ல், நிலையான இடம் 2008-ல் நாஷ்வில் அணியில். கடைசியில் 726 ஆட்டங்கள். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, வார்ட் அபூர்வம். ஆனால் யூனிவர்சிற்றி அவர் வழியை அடைக்கவில்லை, பாருங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2012-ல் பிளேஓஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வார்ட் மேலதிக நேர கோல் அடித்து பொஸ்டனை வெளியேற்றியபோது, நிறத்தைச் சொல்லி இணையத்தில் அவ்வளவு வசவு வந்தது. ஐந்து வயதிலிருந்து ரிங்க்குகளில் இருக்கும் உங்கள் மகனுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் இங்கே ஆட்டம் முடிந்து காரில் ஏறினால் நீங்கள் இருந்தீர்கள். அங்கே மூவாயிரம் பேர் வாழும் ஊரில், நாலு மணிக்கே இருட்டும் டிசம்பரில், தனிய இருக்க வேண்டும். அதை அவரால் தாங்க முடியுமா என்பது அவருக்குத்தான் தெரியும். அப்பா கேட்க வேண்டிய கேள்வி இதுதான். “படி” என்று சொல்லிக் கதவைச் சாத்துவதை விட இதைக் கேட்டால் மகன் வாய் திறப்பார்.

என் கருத்து: முதலில் யூனிவர்சிற்றி, பிறகு ஐரோப்பா. ஸ்கொலர்ஷிப்பை ஒரு வருடம் தள்ளிப் போட லீக் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் நான் மாற்றி யோசிப்பேன். அப்படிக் கிடைத்தால் ஒரு வருடம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், குடி முழுகாது.

அவர் பிடிவாதமாக ஸ்வீடனுக்குத்தான் என்றால் அவரைத் தடுக்க உங்களால் முடியாது, கையெழுத்து அவருடையது. அப்போது ஒப்பந்தத்தில் பாருங்கள்: சொல்லும் தொகை வரி கழித்ததா, எத்தனை மாதத்துக்கு, சோதனைக் காலம் என்று ஏதாவது விதி ஒளிந்திருக்கிறதா, இடையில் நிறுத்தினால் திரும்பும் டிக்கெட் யாருடையது, வேறு நாட்டு அணிக்கு மாற சர்வதேச மாற்று அட்டைக்குத் தடையில்லாமல் விடுவார்களா. ஏஜென்ட் உங்களிடம் முன்காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். முழங்காலோ தலையோ அடிபட்டால் சத்திரசிகிச்சைச் செலவையும் சீசன் முடிந்த பிறகான சிகிச்சையையும் யாருடைய காப்புறுதி ஏற்கும் என்பதற்கு அணியிடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரை டிக்கெட் போட வேண்டாம்.