பை நிறைந்துவிடுமே என்று அம்மா சாப்பிட மறுக்கிறார்

கேள்வி: அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. கட்டியோடு பெருங்குடலின் கடைசிப் பகுதியையும் எடுத்துவிட்டு, சிறுகுடலை வயிற்றில் திறந்து பை பொருத்தியிருக்கிறார்கள். கீமோ நடக்கிறது. பை நிறைந்துவிடும் என்று சரியாகச் சாப்பிடுவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. "இதற்கு ஆபரேஷனே செய்யாமல் இருந்திருக்கலாம்" என்று அழுகிறார். இந்த நிலை மாறுமா?

பதில்: பெரும்பாலும் மாறும். ஆனால் முதலில் தண்ணீர் விஷயத்தைக் கவனியுங்கள், அதைத் தள்ளிப்போட முடியாது. சாப்பாட்டில் உள்ள நீரை உறிஞ்சும் பெருங்குடல் இப்போது ஓய்வில் இருக்கிறது. நீரும் உப்பும் நேராகப் பையில் இறங்குகின்றன. பட்டினி கிடந்தாலும் குடல் சுரப்பது நிற்காது, வாயுதான் கூடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடட்டும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தாலும் பையில் போவது அதிகமாகும், இடையிடையே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். ஒரு நாளில் பையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனாலோ, சிறுநீர் குறைந்து தலை சுற்றினாலோ அன்றே மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள். பையில் எதுவுமே இறங்காமல் வயிறு உப்பி வாந்தி வந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

அப்புறம், அம்மாவின் விரல்களைப் பற்றிக் கேளுங்கள். இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். அந்தக் கையால் கத்தரி பிடித்துப் தோலில் ஒட்டும் பையின் அட்டையில் வட்டம் வெட்டுவது எவ்வளவு சிரமம்! வட்டம் பெரிதாகிவிட்டால் கசிவு பட்டுத் தோல் வெந்துபோகும். எரிச்சல் தாங்காமல்தான் பலர் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. நாலைந்து அட்டைகளை நீங்களே வெட்டி வையுங்கள். முதல் சில வாரங்களில் குடல்வாய் (வயிற்றில் வெளியே தெரியும் குடலின் திறப்பு) சுருங்கும், அதனால் ஒவ்வொரு முறையும் அளந்து வெட்டுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட்டால் கனத்து இழுக்காது.

ஆபரேஷன் வீண் இல்லை. இந்த நோயில் கண்ணுக்குத் தெரியும் கட்டி எவ்வளவு குறைவாக மிஞ்சுகிறதோ அவ்வளவுக்கு ஆயுள் நீள வாய்ப்பு கூடுகிறது. குடலில் ஒட்டியிருந்ததை விட்டுவைக்க முடியாததால்தான் குடலையும் வெட்டினார்கள். ஆரம்ப வாரங்களில் எல்லாருமே துவண்டுபோகிறார்கள். சில மாதங்களில் பலர் தேறிவிடுகிறார்கள்.

இத்தகைய பை பல நேரம் தற்காலிகமானதுதான். வெட்டிய குடலை உள்ளே இணைத்த தையல் ஆறியதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் கீமோ முடிந்ததும் குடல்வாயை மூடுவார்கள். "மூடியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். மலக்குடல் குட்டையாகிவிட்டதால் அடிக்கடி போகவேண்டி வரும், அவசரமாக வரும், போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றும். இது முன்பே தெரிந்தால் பயப்படமாட்டார். மாத்திரையும் இடுப்புத்தள தசைப் பயிற்சியும் இதற்கு நன்றாக உதவும். தன் குடல்வாய் எப்போது மூடப்படும் என்பதை அடுத்த முறை அம்மாவே மருத்துவரிடம் கேட்கட்டும்.