‘கெட்’ சந்தேகங்கள்

கேள்வி: ‘ஐ கட் மை ஹேர் யெஸ்டர்டே’ என்றேன். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்று சொல்லணும் என்கிறார் டீம் லீடர். இரண்டும் ஒன்றுதானே?
– வாசகி, பெரம்பூர்

பதில்: இல்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டால், கத்தரிக்கோலை நீங்களே பிடித்ததாகத்தான் தோன்றும். தமிழில் ‘பல்லைப் பிடுங்கிட்டேன்’ என்றாலே டாக்டரிடம் போனது புரிந்துவிடும். ஆங்கிலத்தில் ‘கெட்’ வந்துதான் அதைச் சொல்ல வேண்டும்.

வரிசை முக்கியம்: முதலில் ‘காட்’, அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். ‘ஐ காட் மை பைக் சர்வீஸ்டு’. ‘காட்’ இருக்கும் இடத்தில் ‘ஹேட்’ போட்டாலும் சரியே. ஆனால் ‘ஐ ஹேட் சர்வீஸ்டு மை பைக்’ என்று இடம் மாற்றினால், ஸ்பேனர் உங்கள் கைக்கு வந்துவிடும்!

செய்த ஆளையும் சொல்வதானால் ‘டு’ வேண்டும்: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ‘காட் ஹிம் சைன்’ தவறு. ‘ஹேவ்’, ‘மேக்’ இரண்டுக்கும் ‘டு’ கிடையாது: ‘ஐ ஹேட் ஹிம் சைன்’, ‘ஐ மேட் ஹிம் சைன்’. தொனியும் வேறு. ‘காட்’ என்றால் பேசிச் சம்மதிக்க வைத்தது. ‘மேட்’ என்றால் கட்டாயப்படுத்திக் கையெழுத்துப் போட வைத்தது. ‘ஹேட்’ என்றால் வேலையைச் சொன்னோம், செய்தார், அவ்வளவே.

‘ஐ ஹேட் மை போன் ஸ்டோலன்’ என்பதைக் கேட்டு, ஆள் வைத்துத் திருடியதாக நினைக்க வேண்டாம். நம் ‘பறிகொடுத்தேன்’தான் அது.

கேள்வி: பஸ்ஸில் ‘கெட் டவுன்’ என்பது தவறா?
– வாசகர், தாம்பரம்

பதில்: சென்னையில் யாருக்கும் புரியும், இந்திய ஆங்கிலத்தில் ஊறிப்போன வழக்கு. வெளிநாட்டவரிடமும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் திறன் தேர்விலும் ‘கெட் ஆஃப்’ என்பதே நல்லது. ஏணி, மரம், சுவர் என்றால் ‘கெட் டவுன்’. எழுந்து நடமாட இடமுள்ள பஸ், ரயில், விமானத்துக்கும், கால் போட்டு ஏறும் பைக்குக்கும் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. காருக்கும் ஆட்டோவுக்கும் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. இந்த ‘கெட் அவுட்’டில் கோபம் எதுவும் இல்லை!

கேள்வி: ‘கெட்’டுக்கு ‘காட்டன்’ (gotten) என்றொரு வடிவம் உண்டா?
– மாணவர், வேளச்சேரி

பதில்: அமெரிக்காவில் உண்டு. அங்கே ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது. ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் வாங்கியாகிவிட்டது. பிரிட்டனில் இரண்டுக்கும் பொதுவாக ‘காட்’தான்.