நாணயங்களுக்கு எந்த ஆல்பம்? – கேள்வி பதில்

கேள்வி (சேலம்): கடையில் வாங்கிய ஆல்பத்தில் சில ஆண்டுகளாக இருந்த காலணா நாணயங்களின் மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கிறது. செம்புப் பாத்திரத்துக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: புளியை மட்டும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அது களிம்போடு சேர்த்து நாணயத்தின் மேற்பரப்பையும் அரித்துவிடும். தேய்த்த நாணயத்தின் பளபளப்பைக் கண்ட மாத்திரத்தில் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள். குற்றவாளி பெரும்பாலும் ஆல்பத்தின் பைகள்தான். மலிவான ஆல்பங்கள் பலவற்றில் பி.வி.சி. பிளாஸ்டிக் பயன்படுகிறது. அது வளைந்துகொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் கசிகிறது. பிளாஸ்டிக்கும் மெல்லச் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிட, அது செம்பைத் தின்னத் தொடங்குகிறது.

கலப்பற்ற அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, நாணயத்தைச் சில நிமிடங்கள் ஊறவைத்து, புதிய அசிட்டோனில் மறுபடி அலசி, துடைக்காமல் தானாக உலர விடுங்கள். வாசனைப் பொருள்களும் எண்ணெயும் கலந்த நகப்பூச்சு நீக்கி இதற்கு உதவாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால், அடுப்போ விளக்கோ எரியாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிசுக்கு போய்விடும், அதன் அடியில் உலோகம் அரிபட்டுக் குழி விழுந்திருந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): வாங்கும்போதே பி.வி.சி. ஆல்பத்தை அடையாளம் காண்பது எப்படி?

பதில்: முதலில் முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டைப் பிரித்ததும் வீசுமே, அந்த நெடி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பி.வி.சி. தாள் மெத்தென்று துவளும். மைலார் என்று பலரும் அழைக்கும் பாலியெஸ்டர் விறைப்பாக, கசக்கினால் சரசரக்கும். ஐயம் தீராவிட்டால் ஒரு செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, தாளின் ஓரத்தில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் தாளில் குளோரின் இருக்கிறது, அதாவது அது பி.வி.சி.யாக இருக்கக்கூடும் என்று பொருள். புகை நச்சுத்தன்மை உடையது, வெட்டவெளியில் செய்யுங்கள்.

‘ஆசிட் ஃப்ரீ’ என்ற அச்சை நம்பி வாங்குபவர்கள் பலர். அது பெரும்பாலும் அட்டையையும் காகிதத்தையும் பற்றிய உறுதிமொழி. பையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பாலியெஸ்டர், பாலிப்ரோப்பிலீன், பாலிஎதிலீன் ஆகியவற்றில் ஒன்றின் பெயர் தெளிவாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி (கோவை): விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாய்களைச் சதுர அட்டை ஹோல்டர்களில் வைத்து ஸ்டேப்லர் பின் அடித்து, பழைய ஆல்பத்திலேயே செருகிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. ஹோல்டரின் சன்னல் (நாணயம் தெரியும் நடுப்பகுதி) நல்ல பாலியெஸ்டராகவே இருந்தாலும், சுற்றியுள்ள பை பி.வி.சி. என்றால் அதன் ஆவி நாளடைவில் உள்ளே எட்டும். மேலும், அந்த ரூபாய் 30 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டம் உடையது. சன்னலின் அளவைப் பார்த்து வாங்குங்கள். பின்னின் முனைகளைக் குறட்டால் தட்டையாக்காவிட்டால் அடுத்த பையிலுள்ள நாணயத்தைக் கீறும். நாணயத்தை வெளியே எடுக்கும்போது பின்களை முதலில் கழற்றிவிட வேண்டும். அட்டையைப் பிய்த்து இழுப்பதால்தான் பல நல்ல வெள்ளிக் காசுகளில் கோடு விழுகிறது. விலை உயர்ந்தவற்றுக்கு உறுதியான அக்ரிலிக் கேப்சூலே மேல்.

கேள்வி (தஞ்சாவூர்): தாத்தாவின் மரப்பெட்டியில் சாதவாகனர் கால ஈயக் காசுகள் உள்ளன. அப்படியே விடலாமா?

பதில்: உடனே எடுத்துவிடுங்கள். மரத்திலிருந்து வரும் அசெட்டிக் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும். அட்டை ஹோல்டரும் ஈயத்துக்கு ஆகாது. மூடியுள்ள பாலிப்ரோப்பிலீன் டப்பா போதும். காசுகளைத் தொட்ட கையைக் கழுவவும் மறக்க வேண்டாம்.

கேள்வி (சென்னை): ஆல்பம் இருக்கும் பீரோவில் அந்துருண்டை போடலாமா?

பதில்: வேண்டாம். சில உருண்டைகளில் குளோரின் சேர்மம் உண்டு. நாஃப்தலீன் ஆவியோ பாலிஸ்டைரீன் பெட்டிகளை இளக்கிவிடக் கூடும். கடலோர ஈரப்பதத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது மாற்றுவது என்பது பார்த்ததுமே தெரியும். மழைக்காலத்தில் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.