விசர்நாய் கடித்த காயம் ஆறிவிட்டால் ஊசி எதற்கு?

திருகோணமலைக் கடற்கரையில் தெருநாய் தம்பியின் கெண்டைக்காலில் கடித்தது, காயம் ஆறிவிட்டது, இனியும் ஊசி வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கட்டாயம் வேண்டும்.

விசர்நாய்க்கடி வைரஸ் இரத்தத்தில் பரவுவதில்லை. தசையிலிருந்து நரம்பு முனைக்குள் புகுந்து, நரம்பின் உள்ளேயே மூளையை நோக்கி ஊர்கிறது. அதனால் நோயெதிர்ப்பு அணுக்களின் கண்ணில் அது எளிதில் படாது. போதாக்குறைக்கு, அதன் புரதமொன்று இன்டர்ஃபெரான் என்னும் அபாய அறிவிப்பையும் அடக்கிவிடுகிறது. மூளையில் நரம்பணுக்களைப் பெருமளவில் கொல்லாமலே அவற்றின் வேலையைக் குலைக்கிறது. ஒரு மிடறு தண்ணீருக்கே தொண்டைத் தசைகள் இழுத்துக்கொள்வது அதனால்தான். அந்த நிலைக்கு வந்தவர் பிழைப்பது மிக மிக அரிது.

அறிகுறி தெரியப் பெரும்பாலும் 1 முதல் 3 மாதங்கள் ஆகும். அதற்குள் தடுப்பூசி முந்திக்கொள்ள வேண்டும். தயவுசெய்து இன்றே தம்பியை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள்.