ஐஸ் வைத்து வாங்கிய கோப்பை

கேள்வி: பனி என்றால் என்னவென்றே தெரியாத ஃப்ளோரிடாக்காரர்கள் 2024, 2025 என்று இரண்டு வருடமும் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பனியில் உழலும் எங்கள் டொரண்டோவுக்கு 1967-க்குப் பிறகு ஒன்றுமில்லை. இது நியாயமா ஐயா?
— லீஃப்ஸ் ரசிகர், ஸ்கார்பரோ

பதில்: ‘பனி’ என்று எழுதி என் வாயைக் கிளறிவிட்டீர்கள். மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பது பனி. உங்கள் வாசலில் மூச்சு வாங்க அள்ளிக் கொட்டுகிறீர்களே, அதுவும் பனி. ஹாக்கிக்காரன் சறுக்குவது இரண்டிலும் இல்லை, ஐஸில். நான் ‘ஐஸ்’ என்று எழுதும்போதெல்லாம் அதைப் ‘பனிக்கட்டி’ என்று திருத்தி அஞ்சலட்டை போடும் தமிழாசிரியர் ஒருவர் இந்தப் பக்கத்துக்கு உண்டு. எங்கள் பகைக்கு இருபது வயது. ஐயா, ‘மேனேஜருக்கு ஐஸ் வைக்கிறான்’ என்பதைப் ‘பனிக்கட்டி வைக்கிறான்’ என்று சொல்லிப் பாருங்கள். மேனேஜருக்கு ஜலதோஷம் பிடிக்கும், இன்கிரிமெண்ட் வராது.

சரி, ஹாக்கி. இறுதிப் போட்டி நடப்பது ஜூனில். அப்போது டொரண்டோவிலும் வானம் ஐஸ் தராது, மெஷின்தான் தர வேண்டும். ஐஸ் செய்யும் மெஷினுக்கு 1851-ல் காப்புரிமை வாங்கிய டாக்டர் ஜான் கோரி எந்த ஊர்? ஃப்ளோரிடாவின் அப்பலாச்சிகோலா! காய்ச்சலில் கிடந்த நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வழி தேடியவர். இடைவேளையில் தளத்தை வழுவழுப்பாக்க ஊர்ந்து வருமே ஜம்போனி வண்டி, அதை 1949-ல் ஃப்ராங்க் ஜம்போனி உருவாக்கியது வெயில் காயும் கலிஃபோர்னியாவில். நியாயம் பேசினால் நீங்கள்தான் ராயல்டி கட்ட வேண்டிவரும்.

‘ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது, அதனால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே ஓடுகிறார்கள்’ என்பது உங்கள் ஊர்ப் புலம்பல். கொஞ்சம் உண்மைதான். ஆனால் இதே வரிச்சலுகையை வைத்துக்கொண்டு கோப்பையைத் தூக்கிய இதே ஃப்ளோரிடா பேந்தர்ஸ் அணி 2001-லிருந்து தொடர்ந்து பத்து சீசன், கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான ப்ளே ஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 2020-ல் பில் ஜிட்டோ மேனேஜராக வந்த பிறகுதான் கதை மாறியது. கரோலைனா அணி கழற்றிவிட்ட ஆட்டக்காரர் ஃபோர்ஸ்லிங்கைச் சும்மா எடுத்துக்கொண்டார். பஃபலோவிலிருந்து ரைன்ஹார்ட், கால்கரியிலிருந்து பென்னட். 2025-ல் கோப்பையை முடிவுசெய்த கடைசி ஆட்டத்தில் நாலு கோல் போட்டவர் ரைன்ஹார்ட், கனடாக்காரர். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பென்னட், உங்கள் ஒன்டாரியோ பிள்ளை! அப்புறம் யாரைத் திட்டுகிறீர்கள்?

இந்த அணியை எனக்குப் பிடித்துப்போனது எலியால். 1995 அக்டோபரில் சொந்த ஊரில் முதல் ஆட்டத்துக்கு முன்பு உடைமாற்றும் அறைக்குள் எலி ஒன்று ஓடியது. ஆட்டக்காரர் ஸ்காட் மெலன்பி மட்டையால் ஒரே அடி, சுவரில் போய் விழுந்து செத்தது. அதே மட்டையோடு இறங்கி அன்று இரண்டு கோல். மூன்று போட்டால் ஹேட்ரிக், இது ரேட்ரிக் (எலிக்கு இங்கிலீஷில் ‘ரேட்’) என்றார் கோல்கீப்பர். அப்புறம் என்ன, கோல் விழும்போதெல்லாம் ரசிகர்கள் பிளாஸ்டிக் எலிகளை அள்ளி வீசினார்கள். பொறுக்க முடியாமல் லீக் விதியையே மாற்றியது. உங்கள் ஊரில் இப்படி ஒரு எலி உண்டா?

வெயில் ஊருக்கு ஐஸ் வந்த கதை நமக்கும் உண்டு. பாஸ்டன் வியாபாரி டூடர் கப்பலில் ஐஸ் ஏற்றி அனுப்பினார், அதை வைக்க 1842-ல் மெட்ராஸ் கடற்கரையில் ஒரு கட்டடம் எழும்பியது. மெஷின் ஐஸ் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. பிறகு விவேகானந்தர் தங்கினார், கட்டடம் அவர் பெயருக்கு மாறியது. ஆனாலும் அந்தப் பேட்டை இன்றும் ஐஸ் ஹவுஸ்தான். அஞ்சலட்டை வாத்தியார் ஒருநாள் பஸ் ஏறி, ‘பனிக்கட்டி இல்லம் ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்டுப் பார்க்கட்டும். கண்டக்டர் சொல்லும் பதிலை அடுத்த இதழில் அப்படியே போடுகிறேன்.