கேள்வி பதில்: கோயில் சுவத்துக்கு சிமெண்டு பூசலாமா?

கேள்வி: எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் தாத்தா காலத்துல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சு கட்டுனது. கமிட்டில சிமெண்டு பூசுனாங்க, இப்ப சுவத்தடியில வெள்ளையா உப்பு பூத்து பெயிண்ட் உரியுது. டைல்ஸ் ஒட்டிட்டா மறைஞ்சிடும்னு குத்தகைக்காரர் சொல்றாரு, ஒட்டலாமா?
- வாசகி, பத்து காஜா

பதில்: வேணாம்மா, தயவுசெஞ்சு ஒட்ட விடாதீங்க. மண்ணுல இருக்கிற ஈரம் செங்கல்லு வழியா மேல ஏறும், வரும்போது உப்பையும் கூட்டிட்டு வரும், பழைய கட்டடத்துல அதைத் தடுக்க அடியில எதுவும் போட்டிருக்க மாட்டாங்க. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்த வெளிய விட்டுரும், உப்பு பூச்சுலயே பூத்து உதிரும், செங்கல்லு தப்பிச்சிரும். சிமெண்டு அப்படி விடாது, உப்பு உள்ளயே கட்டி செங்கல்லையே மாவா அரிச்சிடும். டைல்ஸும் ஒட்டிட்டா ஈரம் போக வழியில்லாம இன்னும் மேல ஏறும், சேதம் கண்ணுக்கும் தெரியாது.

முதல்ல கூரைத் தண்ணி எங்க விழுதுன்னு பாருங்க, சுவத்த ஒட்டி மண்ணு ஏறியிருந்தா வெட்டி எடுத்துட்டு கான் வெட்டி தண்ணிய வெளியேத்துங்க. அப்புறம் சிமெண்டுப் பூச்ச மெதுவா, செங்கல்லு உடையாம கொத்தி எடுக்கணும், சுவத்த மாசக்கணக்குல காய விடணும், நம்ம ஊரு மழைக்கு அவசரப்பட்டா வேலை வீண்தான். கடைசியா சுண்ணாம்பு பூசுங்க. ஈப்போவ சுத்தி இருக்கிற மலையெல்லாம் சுண்ணாம்புக்கல்லு, அதை 900 டிகிரி கிட்ட சுட்டாதான் சுண்ணாம்பு கிடைக்கும், இந்த வட்டாரத்துக்கு அது புது சரக்கு இல்ல. பழைய கட்டட வேலை தெரிஞ்ச ஒருத்தர வச்சு செய்யுங்க, உங்க பெரியவங்க கையால கட்டுன சுவரு அது, காப்பாத்தணும்.

கேள்வி: அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க கல்லுல கட்டுனாங்களா, செங்கல்லுலயா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ரெண்டும்தான். கீழடியில செங்கல் சுவரு கிடைச்சிருக்கு. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டுல, 7ஆம் நூற்றாண்டுல மகேந்திரவர்ம பல்லவன் பாறையக் குடைஞ்சு கோயில் எடுத்து, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாம செஞ்சேன்னு கல்வெட்டுலயே சொல்லியிருக்கான், அப்படின்னா அதுக்கு முன்ன கோயிலெல்லாம் எதுல கட்டுனாங்கன்னு யோசிங்க! இங்க கடாரத்துல, பூஜாங் பள்ளத்தாக்குலயும் சுங்கை பத்துல செங்கல், புக்கிட் பத்து பஹாட் சண்டில, அதாவது பழைய கோயில்ல, கருங்கல். பத்து காஜா பக்கத்துல கெல்லி மாளிகை இருக்கே, 1915ல ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி கெல்லி ஸ்மித் ஆரம்பிச்சது, அதுக்கு செங்கல்லும் இந்தியாவுலருந்து வந்துச்சு, கட்டுன கையும் நம்ம தமிழாளுங்க கைதான். 1926ல அவரு லிஸ்பன்ல இறந்துட்டாரு, மாளிகை முடியாமலே நின்னுபோச்சு. புள்ளைங்கள கூட்டிட்டுப் போறவங்க இதையும் சொல்லிக் காட்டுங்க.

கேள்வி: அடுப்படி நீட்ட செங்கல் வாங்குறேன், நல்லதான்னு எப்படிப் பாக்குறது?
- வாசகர், பீடோர்

பதில்: ரெண்டு கல்ல எடுத்து தட்டுங்க, கணீர்னு கேக்கணும். நகத்தால கீறுனா தடம் விழக்கூடாது. கட்டுறதுக்கு முன்ன தண்ணியில நனைச்சுக்கங்க, இல்லாட்டி கலவையில உள்ள தண்ணிய கல்லு உறிஞ்சிரும், பிடிப்பு இருக்காது.